வள்ளிமயில் அக்கா திருத்திய பட்டியல்

நான் எழுதிக் கொடுத்த பட்டியலில் வள்ளிமயில் அக்கா முதலில் அடித்த வரி, "குளிர்சாதன வசதியுள்ள அறை" என்பது. பென்சிலால் ஒரே கோடு. அடுத்து "தடையில்லாத மின்சாரம்" என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். "ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் முப்பத்திரண்டு ஜி.பி. மெமரி" என்ற இடத்துக்கு வந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சார், நீங்க புதூர்ப் பக்கம் போயிருக்கீங்களா?"

போயிருக்கிறேன் என்றேன். அருப்புக்கோட்டைக்குப் பஸ்ஸில் போகும்போது.

"எறங்கியிருக்கீங்களா?"

இறங்கியதில்லை. அதை ஒப்புக்கொண்டபோது அவர் சிரிக்கவில்லை. "அப்பம் மொதல்ல எறங்குவோம். பெறகு லிஸ்டப் பாப்போம்" என்று நான்கு பக்கத்தையும் மடித்து, கடையின் கல்லாப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

நான் மணிகண்டபிரபு. கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறேன். அப்பாவுக்கு ஒரு சின்னத் தீப்பெட்டி ஆபீஸ். வானம் மூடினால் குச்சி காயாது என்பது மட்டும்தான் மழையைப் பற்றி எங்கள் வீட்டில் பேசிக்கொள்கிற விஷயம். கரிசல் காட்டுக்குள் நான் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தவன் இல்லை. இப்படிப்பட்டவனிடம்தான் புதூர் வட்டாரத்து ஒன்பது ஊர் சம்சாரிகள் சேர்ந்து நடத்தும் உழவர் கம்பெனி ஒரு வேலையை ஒப்படைத்திருந்தது. தங்கள் ஊருக்கு மழை எப்போது என்று தனித்தனியாகச் சொல்கிற ஏற்பாடு ஒன்று அவர்களுக்கு வேண்டும்.

அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. ரேடியோவிலும் டிவியிலும் மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் மழை என்று சொல்வார்கள். அந்த ஓரிரு இடம் எது என்பதுதான் மானாவாரிக்காரனுக்கு வாழ்வும் சாவும். இந்தப் பக்கத்தில் ஓடைக்கு அந்தக் கரையில் பெய்து இந்தக் கரையில் தூறாமல் போகும். மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதையைப் போட்டுவிடுவதைப் புழுதி விதைப்பு என்பார்கள். இரண்டு மூன்று நாளில் நல்ல மழை வந்தால் பயிர் எழும்பிவிடும். மழை பெய்த பிறகு விதைக்கலாம் என்று இருந்தால் கரிசல் உள்ளேயே விடாது. டிராக்டர் முழங்கால் அளவு புதையும். பத்துப் பன்னிரண்டு நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் விதைக்கிற பட்டம் தப்பிவிடும்.

நான் திட்டமிட்டது இதுதான். ஒன்பது ஊரிலும் ஒவ்வொரு வானிலைக் கருவி, அதோடு ஒரு கம்ப்யூட்டர். பெரிய வானிலை நிலையங்கள் பொதுவில் தருகிற கணிப்பை வாங்கி, அந்தந்த ஊர்க் காற்றையும் ஈரத்தையும் சேர்த்து, கணக்கை ஒன்பதாகப் பிரித்து ஒன்பது கம்ப்யூட்டரும் போடும். பிறகு ஒன்றுக்கொன்று பேசி விடையைச் சேர்த்துக்கொள்ளும். ஓர் ஊரில் கரண்ட் போனாலும் மற்ற எட்டும் வேலை செய்யும். நெட் அறுந்துபோனாலும், கடைசியாகத் தெரிந்த விடை அந்த ஊர்க் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். இதற்கு என்னென்ன சாமான் வேண்டும், என்னென்ன மென்பொருள் வேண்டும் என்று நான் எழுதியதுதான் அந்த நான்கு பக்கப் பட்டியல். அதிலுள்ளவற்றை வாங்கி, பொருத்திப் பூட்டித் தர ஒரு ஆள் தேவைப்பட்டபோது, கல்லூரி லேப் உதவியாளர் வள்ளிமயில் அக்காவைக் கைகாட்டினார்.

எட்டயபுரம் சாலையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது அவர் கடை. மூன்று பேர் நின்றால் நாலாவது ஆள் படியில் நிற்க வேண்டும். சுவர் முழுக்கத் திறந்த நிலையில் கம்ப்யூட்டர்கள். அக்காவுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. புதூருக்குக் கிழக்கே ஒரு ஊரில் பிறந்தவர். பிளஸ் டூ முடித்ததும் புதியம்புத்தூரில் ஒரு ரெடிமேட் கம்பெனிக்குத் தையல் வேலைக்குப் போயிருக்கிறார். மெஷின் மோட்டார் நின்றால் அவரே கழற்றிப் பார்ப்பாராம். அந்தக் கம்பெனிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அது ஒருநாள் மூன்று முறை கூவிவிட்டு நின்றுபோனது. திருநெல்வேலியிலிருந்து மெக்கானிக் வர நான்கு நாள் ஆகும் என்றார்கள். சாப்பாட்டு நேரத்தில் அக்கா அதைத் திறந்து, உள்ளே பச்சைப் பலகையில் செருகியிருந்த ஒரு துண்டை உருவி, அதன் தங்கநிறப் பல்லை அழி ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகியிருக்கிறார். மெஷின் ஓடிவிட்டது.

அது மெமரி என்று எப்படித் தெரியும் என்று நான் ஒருமுறை கேட்டேன். தெரியாது என்றார். உருவ வருகிற மாதிரி இருந்தது அது ஒன்றுதானாம். தேய்த்தது ஏன் என்றால், பல் கறுத்திருந்ததாம்.

முதலாளி முதலில் திட்டினார், பிறகு திருநெல்வேலியில் ஆறு மாதப் படிப்பில் சேர்த்துவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு கோவில்பட்டிக்கு வந்து கடை போட்டார். கணவர் இசக்கிபாண்டி அண்ணன் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். நாங்கள் இறங்கிப் பார்க்கப் போனது அந்த லோடு ஆட்டோவில்தான்.

ஒன்பது ஊருக்கும் மூன்று நாள் சுற்றினோம். நான் ஒவ்வொரு ஊரிலும் நெட் எவ்வளவு வேகம் என்று போனில் பார்த்துக் குறித்துக்கொண்டேன். அக்கா கேட்ட கேள்விகள் வேறு. கம்ப்யூட்டர் வைக்கப்போகிற அறையில் எந்த மூலையில் ஒழுகும், எலி எந்த வழியாக வரும், சாவி யார் வீட்டில் இருக்கும், கரண்ட் போனால் யார் லைன்மேனுக்குப் போன் போடுவார்கள், லைன்மேன் போனை எடுப்பாரா. ஒரு ஊரில் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மழை வார அன்னைக்குத்தான சார் கரண்ட் போகும்?"

ஆமாம் என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. எந்த நாளில் இந்த ஏற்பாடு கட்டாயம் வேலை செய்ய வேண்டுமோ, அந்த நாளில்தான் அது நிற்கும். என் பட்டியலில் இரண்டு மணி நேரம் தாங்கும் யு.பி.எஸ். என்றுதான் இருந்தது. அக்கா நாலு ஊருக்கு சோலார் பலகையும் பேட்டரியும் என்று எழுதினார். மீதி ஐந்து ஊருக்கு நான் எழுதியதை அப்படியே விட்டார். அதற்கு மேல் எங்களுக்குக் கிடைத்திருந்த நிதி இடம் கொடுக்கவில்லை.

மிஞ்சியது மெமரி. முப்பத்திரண்டு ஜி.பி. உள்ள புது மெஷின் ஒன்பது வாங்கவே முடியாது என்பது அக்காவின் கட்சி. மதுரையில் ஒரு ஆபீஸில் கழித்துவிடுகிற பழைய கம்ப்யூட்டர்கள் நல்ல நிலையில் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் எட்டு ஜி.பி. இருக்கிறது, அதில் ஓடும்படி புரோகிராமை எழுதுங்கள் என்றார். முடியாது என்று நான் விளக்கினேன். அவர் விளக்கத்தைக் கேட்காமல் என் லேப்டாப்பில் புரோகிராமை ஓடவிட்டு, எது எவ்வளவு மெமரி தின்கிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்தார். ஒரே ஒரு வரி மட்டும் பாதிக்கு மேல் தின்றுகொண்டிருந்தது. அது என்ன என்று கேட்டார். தமிழ்நாடு முழுவதற்குமான பத்து வருட மழைக் கணக்கு, மொத்தமாக ஏற்றி வைத்திருக்கிறேன் என்றேன்.

"கொம்பூரணிக்கு மழை சொல்ல ஊட்டி மழை என்னத்துக்கு?" என்றார். கொம்பூரணி எங்கள் ஒன்பது ஊரில் ஒன்று.

இரண்டு வாரம் உட்கார்ந்து புரோகிராமை மாற்றினேன். ஆறு ஜி.பி.யில் ஓடியது. சொன்னால் வெட்கம், மாற்றிய புரோகிராம் முன்னைவிட வேகமாகவும் ஓடியது. அன்று முதல் அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்தார்.

மெஷின்களைப் பூட்டிய மாதத்தில் அக்காவோடு நானும் எல்லா ஊருக்கும் போனேன். புதியம்புத்தூரில் பழைய முதலாளியிடம் கேட்டு வாங்கிய லைனிங் துணியை வெட்டி, காற்று போகும் துவாரத்தில் ஒட்டினார். கரிசல் தூசி மாவு மாதிரி, அதைத் தடுக்க இதைவிட மெல்லிய துணி கிடையாது என்றார். வாரம் ஒரு தடவை அதை யார் துவைக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஊரிலும் ஒரு ஆளின் பெயரை எழுதி மெஷினிலேயே ஒட்டினார்.

அதைவிடப் பெரிய தொல்லை எர்த்து. கோடையில் கரிசல் வெடிக்கும்போது எர்த்துக் கம்பியைச் சுற்றிலும் மண் விலகிவிடுகிறது. கம்பி நிற்கும், ஆனால் எதையும் தொட்டுக்கொண்டிருக்காது. இடி இறங்கினால் மெஷின் போய்விடும். அக்கா குழியை அகலமாகத் தோண்டச் சொல்லி, கரியும் உப்பும் போட்டு மூடி, கோடையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று சொன்னார். குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் கம்பிக்குத் தண்ணீரா என்று கொம்பூரணியில் வெயிலம்மாள் சண்டைக்கு வந்தார். வெயிலம்மாள் அந்த ஊரில் ஒன்பது ஏக்கர் சம்சாரி, உழவர் கம்பெனியில் இயக்குநர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். யாரையும் பாதிப் பேச்சில் நிறுத்திவிடுவார். பாத்திரம் கழுவிய தண்ணீர் போதும் என்று அக்கா சமாதானம் சொன்ன பிறகுதான் குழி தோண்ட விட்டார்.

கடைசியாகக் குரல். எல்லோரிடமும் போன் இருந்தாலும் எல்லா நேரமும் சிக்னல் இருக்காது. அதனால் ஒவ்வொரு ஊரிலும், கோயில் கொடைக்குக் கட்டுகிற மாதிரி ஒரு குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, காலை ஆறு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் கம்ப்யூட்டரே அறிவிக்கும்படி செய்தோம். கணினிக் குரல் யாருக்கும் விளங்கவில்லை. அக்காவையே பேசச் சொல்லிப் பதிவு செய்தோம். "இன்னும்", "ரெண்டு நாள்ல", "மூணு நாள்ல", "நல்ல மழை", "தூத்தல்", "மழை இல்ல" என்று தனித்தனியாகச் சொன்னார். கம்ப்யூட்டர் அவற்றைக் கோத்துப் பேசும். முதல் நாள் கொம்பூரணிக் குழாயில் தன் குரல் வந்தபோது அக்கா முகத்தை மூடிக்கொண்டார். ஆட்டுக்குட்டிகூடத் திரும்பிப் பார்க்கிறது என்றார் இசக்கிபாண்டி அண்ணன்.

ஆவணி முழுக்கச் சொன்னவற்றில் பெரும்பாலானவை பலித்தன. ஊர்களில் நம்பிக்கை வந்துவிட்டது. புரட்டாசிக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு ஒன்பது குழாயும் ஒன்றாகச் சொல்லின: இன்னும் மூன்று நாளில் நல்ல மழை. அதாவது வெள்ளிக்கிழமை. புழுதி விதைப்புக்கு இதைவிட நல்ல சேதி இல்லை. எட்டு ஊரில் புதனும் வியாழனும் டிராக்டர்கள் ஓய்வில்லாமல் ஓடின. வெள்ளிக்கிழமை மத்தியானம் மழை பிடித்தது. இரண்டு மணி நேரம் கொட்டியது. அன்று சாயங்காலம் கல்லூரியில் நான் எல்லோருக்கும் சேவும் காபியும் வாங்கிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலையில் அக்காவுக்கு வெயிலம்மாளிடமிருந்து போன். நான் அப்போது கடையில்தான் இருந்தேன். ஸ்பீக்கரில் போடாமலேயே எனக்குக் கேட்டது.

"ஏட்டி மயிலு, ஒங் குழாய் ஞாயித்துக்கெழமைன்னுதான சொல்லிச்சு. வெள்ளிக்கெழமையே பேஞ்சிட்டுப் போயிட்டு. பதினாறு வீட்டுக் காடு வெறுங்காடா கெடக்கு."

 வாரேன் என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா ஷட்டரை இறக்கினார்.

தார் ரோட்டிலேயே லோடு ஆட்டோவை நிறுத்திவிட்டு ஊருக்குள் நடந்தோம். செருப்பில் அப்பிய கரிசல் அடிக்கு அடி கனத்தது. நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். உழவர் கம்பெனிக் குடோனில் இருந்த மெஷினை அக்கா திறக்கவே இல்லை. திரையில் தேதியைப் பார்த்தார். அப்போது சனிக்கிழமை காலை பதினொரு மணி. திரையில் வியாழக்கிழமை இரவு ஏழு மணி.

அங்கே இருந்தவர்கள் சொன்னதை வைத்து நடந்ததைக் கோத்துப் பார்த்தோம். செவ்வாய் மத்தியானம் டிரான்ஸ்பார்மர் வெடித்து கொம்பூரணிக்கு மட்டும் கரண்ட் போயிருக்கிறது. நெட்டும் அதோடு போய்விட்டது. யு.பி.எஸ். இரண்டு மணி வரை தாக்குப்பிடித்து நின்றுவிட்டது. வியாழன் காலை ஆறு மணிக்குக் கரண்ட் வந்ததும் மெஷின் எழுந்தது. எழுந்த மெஷினுக்கு நடுவில் போன நாற்பது மணி நேரம் தெரியவில்லை. நிற்பதற்கு முன் கடைசியாகக் குறித்து வைத்திருந்த செவ்வாய் இரண்டு மணி என்றே நினைத்துக்கொண்டு கடிகாரத்தை ஓட்டியது. கரண்ட் வந்தும் நெட் வராததால் நேரம் கேட்க வழியில்லை. அதன் கணக்குப்படி செவ்வாய் மாலை ஐந்து மணி ஆனபோது, அதாவது வியாழன் காலை ஒன்பதுக்கு, "இன்னும் மூணு நாள்ல நல்ல மழை" என்று அக்காவின் குரலில் அறிவித்தது. ஊரில் மழை தள்ளிப்போய்விட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். வியாழன் வருவதாக இருந்த டிராக்டரை, சனிக்கிழமை வந்தால் போதும் என்று பக்கத்து ஊருக்கு விட்டுக்கொடுத்தார்கள்.

"அஞ்சு மணிக்குப் பேசுத குழாய் ஒம்போது மணிக்குப் பேசுச்சு. நாந்தான் யோசிச்சிருக்கணும்" என்றார் வெயிலம்மாள். அக்காவைத் திட்டத் தயாராக இருந்தவர் தன்னையே திட்டிக்கொண்டது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

அக்கா அதற்குப் பிறகுதான் மெஷினைத் திறந்தார். மதர்போர்டில் ஒரு ரூபாய்க் காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கும். கரண்ட் இல்லாதபோதும் கம்ப்யூட்டர் தேதியையும் நேரத்தையும் மறக்காமல் இருப்பது அதனால்தான். அதை எடுத்து மீட்டரில் வைத்துப் பார்த்தார். மூன்று வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் முக்கால் காட்டியது. அக்கா அப்படியே சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

பூட்டுவதற்கு முன் எல்லா மெஷினிலும் அந்தப் பேட்டரியை மாற்ற வேண்டும் என்று முடிவு செய்து பத்து வாங்கி வைத்திருந்தாராம். அவசரம் என்று வந்த வாடிக்கையாளர் இரண்டு பேருக்கு இரண்டைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். கொம்பூரணி மெஷினுக்கு வந்தபோது எட்டும் தீர்ந்துவிட்டது. பழையது அன்றைக்கு இரண்டரை வோல்ட் காட்டியதால், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று அதையே திரும்பப் போட்டிருக்கிறார். பிறகு மறந்துவிட்டார். இவ்வளவும் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

நானும் ஒன்று சொன்னேன். எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே நேரம் காட்ட வேண்டும் என்று என் பட்டியலில் ஒரு வரி இருந்தது. ஆனால் நேரத்தைச் சரிபார்க்க முடியாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று புரோகிராமில் நான் எழுதவில்லை. வாயை மூடிக்கொண்டு இரு என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். ஆகவே தவறு பாதிக்குப் பாதி. வெளியே கூடியிருந்தவர்களிடம் மின்சாரக் கோளாறு என்று சொல்லிவிடலாம், அது பொய்யும் இல்லை என்றேன்.

"கரண்ட் போயி மெசின் பேசாம கெடந்திருந்தா அது கோளாறு தம்பி. இது தப்பால்லா பேசியிருக்கு. அதுவும் என் குரல்ல."

வெளியே போய் அந்தப் பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு அவரே சொன்னார். கூட்டத்தில் முப்பது பேர் இருப்பார்கள். நடந்தது என்ன, அதில் தான் செய்யத் தவறியது என்ன என்று வரிசையாகச் சொன்னார். சுந்தரபாண்டி என்றொருவர், ஆறு ஏக்கருக்கு மக்காச்சோள விதை வாங்கி வைத்திருந்தவர், ரொம்பக் கடுமையாகப் பேசினார். இதற்கு எந்தக் குழாயும் இல்லாமல் இருந்தபோதே நாங்கள் நிம்மதியாக இருந்தோம் என்றார்.  இசக்கிபாண்டி அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது அக்கா கையமர்த்திவிட்டார்.

வெயிலம்மாள்தான் கடைசியில் பேசினார்.

"இப்பம் நீ வந்து சொல்லலன்னா எங்களுக்கு இது தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது சித்தி."

"சரி. சொல்லிட்ட. மழை எப்பம் வரும்னு சொல்லுதியே, காடு எப்பம் காயும்னு சொல்லுமா ஒம் மெசினு? கால் வைக்கலாம்னு முன்கூட்டியே தெரிஞ்சா, டிராக்டருக்குச் சொல்லி வைப்போம். மல்லியாவது போடுவோம். எல்லாரும் ஒரே நாள்ல டிராக்டருக்கு அலைஞ்சா இன்னொரு வாரம் போயிரும்."

அக்கா என்னைப் பார்த்தார். மழையைப் பற்றி மட்டுமே யோசித்திருந்த எனக்கு மண் காய்வதும் ஒரு முன்கணிப்புதான் என்பது அதுவரை தோன்றவே இல்லை. செய்யலாம் என்றேன். எப்படி என்று எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் சொன்னேன்.

கல்லூரி லேபில் மண்ணின் ஈரம் அளக்கும் கருவிகள் ஆறு சும்மா கிடந்தன. திங்கட்கிழமையே கொண்டுபோய்ப் புதைத்தோம். இரண்டு நாளில் எல்லாமே மண் சுத்தமாகக் காய்ந்துவிட்டது என்று சொல்ல ஆரம்பித்தன. காடோ சொதசொதவென்று கிடந்தது. அக்கா ஒரு கருவியைத் தோண்டி எடுத்துப் பார்த்தார். எர்த்துக் கம்பிக்கு நேர்ந்ததே இதற்கும் நேர்ந்திருந்தது. குழி தோண்டி மூடிய இடத்தில் மண் சேராமல் சந்து விட்டிருந்தது. அதே மண்ணைத் தண்ணீரில் தோசை மாவுப் பதத்துக்குக் கரைத்து, கருவியை அதில் முக்கி, குழிக்குள் இறக்கி, மிச்சக் கரைசலையும் ஊற்றினார். அதன் பிறகு கருவிகள் ஒழுங்காகப் பேசின.

ஆனால் ஈரம் எத்தனை சதவீதம் என்று தெரிந்தால் மட்டும் போதுமா? எத்தனையில் டிராக்டர் இறங்கும்? இதற்கு எந்தப் புத்தகத்திலும் கொம்பூரணிக்கென்று ஒரு எண் இல்லை. அக்கா வெயிலம்மாளிடம் கேட்டார். வெயிலம்மாள் தினமும் காலையில் காட்டுக்குப் போய், ஒரு சாண் ஆழத்தில் மண்ணை எடுத்துக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு அக்காவுக்குப் போன் செய்தார். ஒட்டுகிறது, திரளுகிறது, உதிருகிறது என்று மூன்றே சொல். உதிர்ந்தால் இறங்கலாம். அந்த மூன்று சொல்லையும் கருவி காட்டிய எண்ணோடு சேர்த்து நான் புரோகிராமுக்குக் கொடுத்தேன். வெயில் எவ்வளவு, காற்று எவ்வளவு, அடுத்த மழை உண்டா என்பதை மற்ற எட்டுக் கம்ப்யூட்டரும் சேர்ந்து கணக்குப் போட்டன. மழை பெய்த எட்டாம் நாள் ஒரு விடை வந்தது. மழை நாளிலிருந்து எண்ணினால் மேட்டுக் காடு பதினோராம் நாள், பள்ளக் காடு பதினான்காம் நாள்.

இதைக் குழாயில் சொல்ல அக்கா மறுத்துவிட்டார். நேரில் போய்ச் சொன்னார். பலித்தால் பலிக்கும், பலிக்காவிட்டால் நான் இங்கேயே நிற்கிறேன் என்று சொன்னதாக வெயிலம்மாள் பிறகு என்னிடம் சொன்னார்.

மேட்டுக் காட்டில் பன்னிரண்டாம் நாள் டிராக்டர் இறங்கியது. ஒரு நாள் பிந்தியது. பள்ளக் காடு சொன்ன நாளிலேயே காய்ந்தது. டிராக்டரை முன்பே பேசி வைத்திருந்ததால் பதினாறு வீட்டில் பதினான்கு வீட்டுக்காரர்கள் நான்கே நாளில் கொத்தமல்லியும் சூரியகாந்தியும் விதைத்து முடித்தார்கள். இரண்டு வீட்டுக்காரர்கள் அந்த வருடம் காட்டைத் தரிசாகப் போட்டுவிட்டு புதியம்புத்தூருக்குத் தையல் வேலைக்குப் போனார்கள். மல்லி சுமாராகத்தான் வந்தது. மக்காச்சோளம் போட்ட பக்கத்து ஊர்க்காரர்கள் அளவுக்குக் கொம்பூரணிக்காரர்களுக்கு அந்த வருடம் கிடைக்கவில்லை. அதை நான் மறைக்க விரும்பவில்லை. சுந்தரபாண்டி தை மாதம் வரைக்கும் அக்காவோடு பேசவில்லை. மாசியில் குலசாமி கும்பிடும் களரியின்போது அவராகவே வந்து, பேத்தியின் லேப்டாப் எழ மாட்டேன் என்கிறது என்று சொல்லி இரண்டு கையாலும் நீட்டினார். அக்கா அங்கேயே உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தார்.

அந்தக் கோடையில் ஒன்பது மெஷினிலும் இரண்டு மாற்றம் செய்தோம். நெட் இல்லாவிட்டாலும் செயற்கைக்கோளிலிருந்து நேரம் வாங்கிக்கொள்ளும்படி ஒரு சின்னக் கருவியை வானிலைக் கம்பத்தில் பூட்டினோம். அதுவும் வேலை செய்யாவிட்டால் கம்ப்யூட்டர் மழையைப் பற்றிப் பேசவே கூடாது. ஆனால் குழாய் ஊமையாகக் கிடந்தால் என்ன ஏது என்று தெரியாமல் ஜனங்கள் தவிப்பார்கள் என்றார் அக்கா. அதற்கென்று புதிதாக ஒன்றைப் பேசிப் பதிவு செய்தார். "எனக்கு இன்னைக்கு என்ன தேதின்னு தெரியல. நான் சொல்லுதத நம்பாதீங்க. கோவில்பட்டிக்கு ஒரு போன் போடுங்க."

சென்ற ஆண்டு அது இரண்டு ஊரில் இரண்டு முறை ஒலித்தது. இரண்டு தடவையும் பத்து நிமிடத்துக்குள் அக்காவின் கடைக்குப் போன் வந்துவிட்டது. ஒரு ஊரில் சின்னப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து, பள்ளிக்கூடத்தில் கேள்விக்குப் பதில் தெரியாதபோது சொல்கிறார்களாம்.

இப்போது பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்திலிருந்து நான்கு ஊர்க்காரர்கள் எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நிதி கொடுக்கும் நிறுவனம், என்னென்ன சாமான், என்னென்ன மென்பொருள் தேவை என்று எழுத்தில் கேட்டது. இந்தத் தடவை நானும் அக்காவும் கடையில் சேர்ந்து உட்கார்ந்து எழுதினோம். எட்டு ஜி.பி. மெமரி, லினக்ஸில் எந்தப் பதிப்பு, எந்தத் தரவுத்தளம் என்பதெல்லாம் ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. மீதி மூன்று பக்கம் அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதியது. சாவி வைத்திருப்பவர் பெயரும் அவர் ஊரில் இல்லாதபோது வைத்திருப்பவர் பெயரும். எர்த்துக் குழிக்குத் தண்ணீர் ஊற்றுபவர் பெயர். காசு பேட்டரியை ஆடி மாதம் முதல் வாரத்தில் மாற்ற வேண்டும், பழையது நன்றாக இருந்தாலும் மாற்ற வேண்டும். மண்ணைக் கையில் பிடித்துப் பார்த்துச் சொல்ல ஊருக்கு ஒருவர், முடிந்தால் பெண்.

இதையெல்லாம் தொழில்நுட்பத் தேவை என்ற தலைப்பில் எப்படிப் போடுவது என்று அந்த நிறுவனத்து அதிகாரி போனில் கேட்டார். அப்படியே போடுங்கள் என்றேன். தயாரித்தவர் என்ற இடத்தில் வள்ளிமயில், கணினி மெக்கானிக், கோவில்பட்டி என்று முதலில் எழுதி, என் பெயரை இரண்டாவதாக எழுதியிருக்கிறேன். அக்காவுக்கு அது இன்னும் தெரியாது.

வரும் சனிக்கிழமை அந்த நான்கு ஊரையும் பார்க்கப் போகிறோம். எதையும் வாங்குவதற்கு முன் இறங்கி நடக்க வேண்டும் என்பதில் அவர் மாறவே இல்லை. காலை ஆறு மணிக்குக் கிளம்பலாம் என்று இசக்கிபாண்டி அண்ணன் சொல்லியிருக்கிறார். ஐந்தரைக்கே வாசலில் வந்து ஹாரன் அடிப்பார் என்று அக்கா என்னை எச்சரித்திருக்கிறார்.